சும்மா இருப்பவையும் சும்மா ஓடுபவையும்

லினக்ஸ் டெஸ்க்டாப் மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அடுத்த வார்த்தை பெரும்பாலும் "பின்னாடி என்னென்னமோ ஓடுது" என்பதாகத்தான் இருக்கும். ஓடுவது உண்மைதான். உபுண்டுவைப் புதிதாக நிறுவி, உள்ளே நுழைந்து, ஒன்றையும் திறக்காமல் டெர்மினலில், ஓடுபவற்றைப் பட்டியலிடும் 'பிஎஸ் -இ' கட்டளையைக் கொடுத்தால் 200 வரிக்கு மேல் கொட்டும். அதில் பாதிப் பெயர்கள் வாயில் நுழையாது. பார்த்தவுடன் கை பரபரக்கும்.

நீடாமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் மச்சானுக்கும் அப்படித்தான் பரபரத்தது. கடை என்றால் ஜெராக்ஸ் மட்டும் இல்லை. பட்டா, சிட்டா எடுத்துக் கொடுப்பது, விண்ணப்பம் பதிவேற்றுவது, கல்யாணப் பத்திரிகைக்குத் தமிழில் தட்டச்சு செய்வது என்று எல்லாமும் நடக்கும். கைரேகைக் கருவிக்குத் தனியாக ஒரு விண்டோஸ் லேப்டாப் உண்டு. மற்ற வேலைகளெல்லாம் ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துப்போட்ட டெஸ்க்டாப்பில்தான்: 4 ஜிபி ரேம், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க், உபுண்டு 22.04. சாதாரண நாளில் அது போதும். சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும் நவம்பரில் போதாது. சுற்றுவட்டாரத்து ஆட்கள் அடங்கலும் வங்கிப் புத்தகமும் கையுமாக வரிசையில் நிற்பார்கள். ரயில்வே கேட் வேறு மூடியிருந்தால் வரவேண்டிய கூட்டம் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, திறந்ததும் மொத்தமாகக் கடைக்குள் நுழையும். (நீடாமங்கலம் கேட்டைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.) அந்த நேரம் பார்த்து ஸ்கேன் செய்த கோப்பைத் திறக்க அரை நிமிடம் எடுத்தால் மனுசனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

"மாப்ள, தேவையில்லாத சர்வீஸ்னு ஒரு லிஸ்ட் வச்சிருக்கேன். எல்லாத்தையும் நிறுத்திரு, எந்திரம் பறக்கும்" என்றார். சர்வீஸ் என்றால் பின்னணியில் ஓடும் நிரல். எங்கோ பார்த்துக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். புளூடூத், அவாஹி, மோடம்மேனேஜர், ஐபஸ், எவல்யூஷன் என்று வரிசையாக இருபது பெயர்.

அந்தக் காகிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். முதலில் வேறு ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஓடும் நிரல் ஒவ்வொன்றுக்கும் புராசஸ் என்று பெயர். புராசஸ் பட்டியலில் சதுர அடைப்புக்குறிக்குள் சில பெயர்கள் வரும்: கேவொர்க்கர், கேஸாஃப்ட்ஐஆர்க்யூடி, ஆர்சியூ என்று ஆரம்பிப்பவை. இவை நாம் நிறுவிய நிரல்கள் இல்லை, இயங்குதளத்தின் மையமான கெர்னலின் சொந்த இழைகள். எல்லாவற்றுக்கும் தாய் புராசஸ் எண் 2, கேத்ரெட்டி. நிறுத்தச் சொன்னாலும் நிற்காது, நிற்கவும் கூடாது. நினைவகக் கணக்கில் இவற்றுக்கு நேராகப் பூஜ்யம்தான் இருக்கும். பட்டியலில் பெரிய பங்கு இப்படியே கழிந்துவிடும்.

மீதியில் பெரும்பாலானவற்றின் நிலை 'எஸ்' என்று காட்டும். தூக்கம். எங்கள் பக்கம் வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பில், ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து "இந்த ஆள் சும்மாதானே இருக்கிறார்" என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். தண்ணீர் மட்டம் மாறும்போதுதான் அவருக்கு வேலை. தூங்கும் புராசஸும் அதே மாதிரிதான். ஒரு செய்தி வரும்வரை கெர்னல் அதற்கு சிபியூவில் முறையே கொடுக்காது. ஐபோன் செருகினால் கவனிக்க ஒன்று, கேமரா செருகினால் கவனிக்க ஒன்று, வரைபலகைக்கு ஒன்று என்று உபுண்டுவின் டெஸ்க்டாப் சூழலான க்னோமில் பத்துப் பதினைந்து உண்டு. கடையில் ஐபோனும் இல்லை, வரைபலகையும் இல்லை. ஆனால் அவற்றை நிறுத்தினால் கிடைக்கும் லாபம் சில எம்பி. அதையும் முழுசாக நம்ப முடியாது.

ஏன் நம்ப முடியாது என்றால், 'டாப்' கட்டளையில் ஆர்இஎஸ் என்ற பத்தியில் வரும் எண் ஒவ்வொரு புராசஸும் தொட்டுக்கொண்டிருக்கும் நினைவகம். பத்து நிரல்கள் சாளரம், பொத்தான் எல்லாம் வரையும் ஒரே ஜிடிகே நூலகத்தைப் பகிர்ந்துகொண்டால், அந்த நூலகம் பத்துப் பேர் கணக்கிலும் எழுதப்படும். எல்லாவற்றையும் கூட்டினால் இருக்கும் ரேமைவிட அதிகமாகக்கூட வரலாம். பகிர்ந்ததைப் பங்கு பிரித்துக் காட்டும் கணக்குக்குப் பிஎஸ்எஸ் என்று பெயர். 'எஸ்மெம்' என்ற சிறு கருவி அதைக் காட்டும். அதில் பார்த்தால் பெயர் பெரிதாக இருக்கும் பலருடைய பங்கு சுருங்கிவிடும்.

'ஃப்ரீ' கட்டளையிலும் இதே குழப்பம்தான். 'ஃப்ரீ' என்ற பத்தியில் கொஞ்சமாக இருப்பதைப் பார்த்து ரேம் தீர்ந்துவிட்டது என்று பயப்படுகிறவர்கள் நிறைய. படித்த கோப்புகளைக் கெர்னல் காலி ரேமில் வைத்துக்கொள்கிறது, யாராவது கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். பார்க்க வேண்டியது 'அவெய்லபிள்' பத்தி. அந்தக் கணக்கையே கெர்னல் 2014இல், 3.14 பதிப்பில்தான் தர ஆரம்பித்தது. அதற்கு முன்னால் எழுதிய அறிவுரைகள் இன்னமும் சுற்றிக்கொண்டிருப்பதுதான் தொல்லை.

சரி, அப்படியானால் மச்சான் கடை எந்திரம் ஏன் திணறியது?

கூட்ட நேரத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். சிபியூ பாதிக்கு மேல் சும்மா இருந்தது. ஆனால் லோட் ஆவரேஜ் ஏறிக் கிடந்தது. இது லினக்ஸுக்கே உரிய கணக்கு. சிபியூவுக்குக் காத்திருப்பவர்களோடு, டிஸ்க்குக்காக அசையாமல் காத்திருக்கும் 'டி' நிலைப் புராசஸ்களையும் லோடில் சேர்த்துவிடும். சிபியூ சும்மா, லோட் அதிகம் என்றால் முதலில் டிஸ்க்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். டிஸ்க்கை யார் பயன்படுத்துகிறார் என்று காட்டும் 'ஐஓடாப்' போட்டதும் ஆள் அகப்பட்டுவிட்டது: ட்ராக்கர்-எக்ஸ்ட்ராக்ட்.

ட்ராக்கர் என்பது க்னோமின் அட்டவணைக்காரர். ஆவணம், படம், இசை, காணொளி ஆகிய கோப்புறைகளை உள்ளே உள்ளேயாகப் போய்ப் படித்து, தேடினால் உடனே கிடைக்கும்படி ஒரு தரவுத்தளம் வைத்துக்கொள்ளும். கோப்பு புதிதாக வந்தாலோ மாறினாலோ கெர்னல் சொல்லிவிடும், உடனே எழுந்து அதையும் படிக்கும். (க்னோம் 47இல் இதன் பெயரை லோக்கல்சர்ச் என்று மாற்றிவிட்டார்கள். கேடிஈ என்ற இன்னொரு டெஸ்க்டாப் சூழலில் இதே வேலையைச் செய்வது பாலூ.) வீட்டில் ஒருவர் வைத்திருக்கும் நாலு நூறு கோப்புகளுக்கு இது நல்ல ஏற்பாடு. மச்சான் கடையில் ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு பிடிஎஃப்பும் ஆவணக் கோப்புறைக்குத்தான் போகிறது. வருடக்கணக்காகச் சேர்ந்தவை அங்கே இருக்கின்றன. கூட்ட நாளில் நிமிடத்துக்கு ஒன்று சேரும்.

இதில் வேடிக்கை, அத்தனையும் ஸ்கேன் படம். உள்ளே எழுத்து என்று ஒன்றும் கிடையாது. அடங்கலைப் படமாக எடுத்த பிடிஎஃப்பைத் திறந்து ட்ராக்கர் தெரிந்துகொள்வதெல்லாம் பக்கம் எத்தனை, எந்தத் தேதி, எந்த ஸ்கேனர் மென்பொருள் என்பதுதான். மச்சானோ தேடல் பெட்டியைத் தொட்டதே இல்லை. தேதி போட்ட கோப்புறைக்குள் போய், கடைசியாக வந்ததைக் கிளிக் செய்வார். யாரும் புரட்டாத அட்டவணைக்காக டிஸ்க்கின் முள் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தது. ட்ராக்கர் தன் முன்னுரிமையைத் தானே குறைத்துக்கொண்டுதான் ஓடுகிறது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சுழலும் டிஸ்க்கில் அந்தப் பணிவு பெரிதாக உதவாது. முள் ஒன்றுதானே.

அமைப்புகளில் தேடல் என்ற பகுதிக்குப் போய், தேடும் இடங்களில் ஆவணக் கோப்புறையை அணைத்தேன். 'ட்ராக்கர்3 ரீசெட்' கொடுத்துப் பழைய அட்டவணையையும் அழித்தேன். சர்வீஸையே முடக்கவில்லை. படக் கோப்புறையில் பத்திரிகைக்கான பூ, பிள்ளையார், மாங்கல்யப் படங்களை அவர் பெயர் போட்டுத் தேடுவார், அது வேண்டும். கோப்பு திறக்கும் நேரம் அன்றைக்கே மாறிவிட்டது.

அதன் பிறகுதான் காகிதத்தைப் பையிலிருந்து எடுத்தேன்.

முதலில், சர்வீஸ்களை எழுப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டியைப் பற்றிக் கொஞ்சம். லென்னார்ட் பொயட்டரிங், கே ஸீவர்ஸ் இருவரும் 2010இல் ஆரம்பித்தது. 2015க்குள் டெபியன், உபுண்டு இரண்டும் அதற்கு மாறிவிட்டன. பழைய முறையில் எல்லா சர்வீஸ்களும் வரிசையாக எழுந்து நிற்க வேண்டும். சிஸ்டம்டியில் சாக்கெட் என்னும் வாசலை மட்டும் திறந்து வைத்துவிட்டு, யாராவது வந்து தட்டினால் அப்போது சர்வீஸை எழுப்பலாம். இதனால்தான் 'கப்ஸ்' என்னும் அச்சு சர்வீஸை 'ஸ்டாப்' செய்தும் கொஞ்ச நேரத்தில் அது திரும்ப உட்கார்ந்திருக்கும். சிஸ்டம்டி நிர்வகிக்கும் ஒவ்வொன்றும் ஒரு யூனிட். கப்ஸுக்கென்று தனியாக ஒரு சாக்கெட் யூனிட்டும், ஒரு குறிப்புக் கோப்பு இருக்கிறதா என்று கவனிக்கும் பாத் யூனிட்டும் உண்டு. சர்வீஸை மட்டும் நிறுத்திவிட்டு "என்ன செய்தாலும் சாகமாட்டேங்குது" என்று புலம்புவது இந்த விஷயம் தெரியாததால்.

'டிஸேபிள்' என்பது எந்திரம் துவங்கும்போது தானாக எழாதே என்று சொல்வது மட்டும். வேறு ஒரு சர்வீஸ் கூப்பிட்டால் எழுந்து வரும். 'மாஸ்க்' கடுமையானது, யூனிட்டை டெவ்நல் என்னும் வெற்றுக் கோப்புக்கு இணைத்துவிடும், யார் கூப்பிட்டாலும் வராது. நான் முதலில் 'ஸ்டாப்' மட்டும் கொடுத்து ஒரு நாள் கடையை ஓட்டச் சொல்வேன். யாரும் எதையும் தேடவில்லை என்றால் 'டிஸேபிள்'. மாஸ்க் வரை போவது அபூர்வம்.

மோடம்மேனேஜர் போனது. சிம் போடும் டாங்கிளுக்கு அது வேண்டும், கடையில் டாங்கிள் இல்லை. கப்ஸ்-பிரவுஸ்ட் போனது, அதுவும் சந்தோஷமாக. வலைப்பின்னலில் இருக்கும் பிரிண்டர்களைத் தானாகத் தேடிச் சேர்ப்பது அதன் வேலை. கடை பிரிண்டர் யுஎஸ்பி கம்பியில் தொங்குகிறது. 2024 செப்டம்பரில் சிமோன் மார்கரிடெல்லி என்ற ஆய்வாளர் இதில் பெரிய ஓட்டை ஒன்றை வெளியிட்டார். யுடிபி 631ஆம் போர்ட்டில் யார் வந்து "நான் ஒரு பிரிண்டர்" என்றாலும் அது நம்பிவிடும். போலிப் பிரிண்டருக்கு ஒருவர் அச்சு அனுப்பினால் எதிராளி தன் கட்டளையை நம் எந்திரத்தில் ஓட்டிவிடலாம். அந்த ஓட்டைக்குத் திருத்தம் வந்துவிட்டது. ஆனால் ரேம் கணக்கைத் தாண்டி, பயன்படுத்தாத சர்வீஸை ஏன் நிறுத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. வெளியே காது கொடுத்து உட்கார்ந்திருப்பவை எவை என்று 'எஸ்எஸ்' கட்டளை காட்டும். வெட்டுவதென்றால் அந்தப் பட்டியலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கட்சி.

அவாஹியையும் அதே வேகத்தில் நிறுத்தலாமா என்றால், பிரிண்டரைப் பொறுத்தது. புதிய யுஎஸ்பி பிரிண்டர்கள் ஐபிபி-யுஎஸ்பி வழியாக, வலைப்பின்னல் பிரிண்டர் மாதிரியே எந்திரத்துக்குள் வந்து சேர்கின்றன. "இதோ இங்கே ஒரு பிரிண்டர்" என்று அங்கே அறிவிப்பது அவாஹிதான். அதை நிறுத்தினால் கம்பியில் தொங்கும் பிரிண்டரே காணாமல் போகலாம். மச்சானுடையது தனி டிரைவரில் ஓடும் பழைய லேசர். நிறுத்திவிட்டு ஒரு சோதனைப் பக்கம் அச்சிட்டுப் பார்த்தோம், வந்தது.

ஐபஸ் என்று எழுதியிருந்த வரியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஆங்கிலம் மட்டும் தட்டச்சு செய்பவர் எழுதிய பட்டியல் என்று தெரிந்துவிட்டது. ஐபஸ்-டெமன், ஐபஸ்-எக்ஸ்11, ஐபஸ்-போர்ட்டல், எம்17என் என்று நாலைந்து வரி ஓடும், பார்க்க வீண் மாதிரிதான் இருக்கும். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அந்த எந்திரத்தில் வேலை செய்வது இவற்றால். நிறுத்தியிருந்தால் "நிகழும் மங்களகரமான" என்று ஒரு பத்திரிகைகூட அடித்திருக்க முடியாது.

எவல்யூஷனும் அப்படி ஒரு பெயர். மின்னஞ்சல் செயலியே இல்லாத எந்திரத்தில் எவல்யூஷன் காலண்டர், முகவரிப் புத்தகம் என்று இத்தனை புராசஸ் எதற்கு? மேலே கடிகாரத்தைத் தட்டினால் விரியும் நாள்காட்டிக்கு. எரிச்சல் வரத்தான் செய்யும், எனக்கும் வரும். ஆனால் அந்தத் தொகுப்பை, மென்பொருளை நிறுவி நீக்கும் 'ஏபிடி'யில் நீக்கினால், டெஸ்க்டாப்பையே காட்டும் க்னோம் ஷெல்லும் சேர்ந்து போகும், ஏனென்றால் ஷெல் அதைச் சார்ந்திருக்கிறது. என்னென்ன போகப்போகிறது என்று ஏபிடி முன்னாலேயே பட்டியல் போட்டுக் கேட்கிறது. படிக்காமல் 'ஒய்' அழுத்துபவர்களுக்காக அது வேறு என்ன செய்ய முடியும்?

காகிதத்தில் இல்லாத இரண்டு விஷயங்கள்தான் உண்மையில் ரேமைத் தின்றன. ஒன்று, மென்பொருள் கடைச் செயலி. திறக்காமலே பின்னால் உட்கார்ந்து புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் வகை, சில நூறு எம்பி வரை போகும். அதன் தானியங்கித் துவக்கத்தை நிறுத்தினோம். மற்றொன்று உலாவி. குரோமில், மூடிய பிறகும் பின்னணிச் செயலிகள் தொடர்ந்து ஓடலாம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. மேலே எக்ஸைத் தட்டிவிட்டால் போய்விட்டது என்று நினைக்கிறோம், ஆனால் போவதில்லை.

கடையில் கம்பி இணையம் போனால் மச்சான் கைபேசி ஹாட்ஸ்பாட்டில்தான் ஓட்டுவார். ஸ்னாப் வகைச் செயலிகளைப் பராமரிக்கும் ஸ்னாப்டி இயல்பாக ஒரு நாளைக்கு நான்கு முறை புதுப்பிப்பு தேடும். ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டாக இருந்தால் வலை இணைப்பை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜர் அதை அளவு இணைப்பு, அதாவது டேட்டா அளவு பார்த்துச் செலவழிக்க வேண்டியது, என்று தானே கண்டுபிடித்துவிடும். கைபேசி முகவரி வழங்கும்போது ஒரு குறிப்பையும் சேர்த்து அனுப்புகிறது. அளவு இணைப்பில் புதுப்பிக்காதே என்று ஸ்னாப்டியிடம் ஒரு வரியில் சொல்லி வைக்கலாம், அதைச் செய்தோம். தானாக ஓடும் பாதுகாப்புப் புதுப்பிப்பை மட்டும் நிறுத்த விடவில்லை. காசு, ஆதார் எல்லாம் புழங்கும் எந்திரம். அதில் இதை நிறுத்தச் சொல்லும் பட்டியல் எதுவானாலும் கிழித்துப் போட வேண்டியதுதான்.

எந்திரம் மெதுவாகத் துவங்குகிறது என்பது தனிப் புகார். 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' போட்டால் யார் எவ்வளவு நேரம் எடுத்தார் என்று வரிசை வரும். அதில் மேலே இருப்பவரைப் பிடித்து அடிப்பது வழக்கம். பல சர்வீஸ்கள் ஒரே நேரத்தில் எழுவதால் அந்த நேரங்களைக் கூட்ட முடியாது, மேலே இருப்பவர் யாரையும் காக்க வைக்காமலும் இருக்கலாம். யாருக்காக யார் காத்திருந்தார் என்பதை 'கிரிட்டிகல்-செயின்' காட்டும். வலை இணைப்புக்குக் காத்திருக்கும் நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன் அங்கே அடிக்கடி நிற்கும். கடை மாதிரியான இடத்தில் அதைத் தயங்காமல் டிஸேபிள் செய்யலாம்.

தேவை, தேவையில்லை என்பது ஆளுக்கு ஆள் எப்படி மாறும் என்று அக்கா பையன் விஷயத்தில் பார்த்தேன். கல்லூரி புராஜெக்டுக்கு வாய்க்கால் நீர்மட்டம் அளக்கும் ஒரு சின்ன போர்டு செய்துகொண்டிருந்தான். "மாமா, போர்டையே காட்டமாட்டேங்குது" என்று கூப்பிட்டான். சிஎச்340 சிப் வைத்த மலிவு விலை போர்டு. செருகியதும், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் சீரியல் போர்ட் தோன்றும், அடுத்த நொடி பிஆர்எல்டிடிஒய் அதைப் பிடுங்கிக்கொண்டதாக ஒரு வரி வரும். உபுண்டு 22.04 வந்தபோது உலகம் முழுக்கப் பலர் இதில் மாட்டினார்கள். பிஆர்எல்டிடிஒய் என்பது பார்வையற்றோரின் பிரெயில் காட்சிக் கருவியை இயக்கும் சர்வீஸ். சில பிரெயில் கருவிகளுக்குள்ளும் இதே சிப் இருப்பதால், செருகியதைப் பிரெயில் கருவி என்று எடுத்துக்கொள்கிறது. பையன் எந்திரத்திலிருந்து அதை நீக்கினேன், போர்ட் நிலைத்தது. "இதையெல்லாம் எதுக்கு மாமா போட்டு வைக்கிறாங்க?" என்றான். பார்வையில்லாத ஒருவர் புது எந்திரத்தை நிறுவும்போது, முதல் திரையிலேயே அது பேச வேண்டும். நீக்குவது நமக்கு ஒரு கட்டளை. இல்லாததை நிறுவுவது அவருக்கு அவ்வளவு சுலபம் இல்லை, படிக்கும் வழியே அதுதான். திரை வாசிப்புக்கான ஏடி-எஸ்பிஐ புராசஸ்களையும் இந்தக் காரணத்துக்காக நான் தொடுவதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு, மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆன ஊர்கள் டெல்டாவில் இருந்தன. இன்வெர்ட்டரிலும் கார் பேட்டரியிலும் லேப்டாப்பைக் காப்பாற்றிய அந்த நாட்களில்தான் பவர்டாப்பை ஒழுங்காகப் படிக்கக் கற்றுக்கொண்டேன். 2007இல் இன்டெல் பொறியாளர்கள் வெளியிட்ட கருவி அது. எது எத்தனை ரேம் என்று அது கேட்காது, நொடிக்கு எத்தனை முறை சிபியூவைத் தட்டி எழுப்புகிறாய் என்று கேட்கும். நான் சந்தேகப்பட்ட சர்வீஸ்கள் ஒன்றுகூட மேல் வரிசையில் இல்லை. இருந்தது உலாவியில் திறந்தபடி விட்ட செய்திப் பக்கங்கள். ஓரத்தில் ஓடும் விளம்பரம் ஒன்று, மொத்த சிஸ்டம்டி சர்வீஸ்களையும்விட அதிகமாக எழுப்பிக்கொண்டிருந்தது.

மச்சான் காகிதத்தில் முதல் பெயர் புளூடூத். அதை விட்டுவிட்டேன். இன்னமும் பட்டன் போனில் படமெடுத்து வரும் பெரியவர்கள் நாலு பேர் கடைக்கு உண்டு. அவர்களிடம் வாட்ஸ்அப் கேட்க முடியாது. மோடம்மேனேஜர், கப்ஸ்-பிரவுஸ்ட், அவாஹி, வெயிட்-ஆன்லைன் ஆகிய நான்கையும் என்றைக்கு நிறுத்தினோம், திரும்ப ஓட்ட எந்தக் கட்டளை என்று ஓர் உரைக் கோப்பில் எழுதி டெஸ்க்டாப்பிலேயே போட்டிருக்கிறேன். புது பிரிண்டர் வாங்குவதாக இருந்தால் முதலில் அதைத் திறந்து அவாஹி வரியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். எஸ்எஸ்டி வாங்கிப் போடச் சொன்னதற்குத்தான் இன்னும் பதில் இல்லை. "இப்பதான் நல்லா ஓடுதே மாப்ள" என்கிறார்.